[கலைச்சொல்] ஆஃப் ரோடு வண்டிக்கு ஒரு தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தமிழ்ப் பள்ளி ஆசிரியை, சான் ஓசே – ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை எங்கள் பள்ளிக் குடும்பங்கள் இருபது சேர்ந்து ஹாலிஸ்டர் ஹில்ஸில் கூடாரம் போடுகிறோம். இங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம். ஆஃப் ரோடு வண்டி, அதாவது தார்ச் சாலைக்கு வெளியே மண்ணிலும் மலையிலும் ஓட்டும் வண்டி, ஓட்டுவதற்கென்றே கலிஃபோர்னியா மாநிலம் ஒதுக்கி வைத்திருக்கும் மலைப்பகுதி அது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் வருகிறார்கள். அவர்கள் படிப்பதற்கு இரண்டு பக்கத்தில் தமிழில் விதிகளை எழுதித் தரும் பொறுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

போன வருடம் வேறோர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பையன் ஒருவன், பதினோரு வயது, குவாட் பைக்கில் (நாலு சக்கர பைக்) கூடாரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தான். முன்னால் நாலு வயதுத் தங்கை. ஊரில் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்காரவைப்போமே, அதே மாதிரி. தாத்தா நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். பின்சக்கரம் பக்கத்துக் கூடாரத்துக் கயிற்றில் மாட்டி இழுத்தது. அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரம் சரிந்தது. பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யார் மேலும் படவில்லை. ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வந்து பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் தாத்தாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவருக்கு நாங்கள் யாரும் முன்கூட்டியே எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

விதிகளைத் தமிழில் சொல்வது கஷ்டமில்லை. முகாமுக்கோ, ஆட்களோ விலங்குகளோ கூடியிருக்கும் இடத்துக்கோ 50 அடிக்குள் வந்தால் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஒருவர் உட்காரச் செய்த குவாட் பைக்கில் இன்னொருவரை ஏற்றக் கூடாது. ஹெல்மெட் கட்டாயம். 18 வயது ஆகாதவர்கள் குவாட் பைக் ஓட்டப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் சான்றிதழ் உள்ள பெரியவர் கூடவே நின்று கவனிக்க வேண்டும். இதெல்லாம் எழுதிவிட்டேன். பெயர்களில்தான் நிற்கிறது.

ஒன்று, இந்த வண்டிகளுக்கான பொதுப்பெயர். குவாட் பைக், டர்ட் பைக் (மண்வழியில் ஓட்டும் இருசக்கர பைக்), ஜீப் எல்லாம் அதில் அடங்க வேண்டும். "சாலைப்புற ஊர்தி" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. இரண்டு, சைலன்சருக்குள் தீப்பொறியைத் தடுக்கும் அந்தச் சிறு கருவி. "பொறித்தடுப்பி" சரியா? மூன்று, மணல்மேட்டில் ஓட்டும்போது வண்டியின் பின்னால் கட்டும் உயரமான கொடி. இந்தப் பயணத்துக்கு அது அவசரமில்லை.

உதவுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – திங்கள் காலை

சாலைப்புறம் என்றால் சாலையோரம் என்றுதான் படும். சாலைப்புறக் கடை, சாலைப்புற மரம். "சாலைசாரா ஊர்தி" என்று வையுங்கள். அரசுசாரா, அணிசாரா எல்லாம் நாளிதழ் படிப்பவர்களுக்குப் பழகியவை. கொடிக்கு "உயர்கொடி" போதும். வேலை முடிந்தது.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை – திங்கள் மாலை

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். நல்ல பணி.

ஊர்தி என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "வலவன் ஏவா வான ஊர்தி" என்று புறநானூறு 27ஆம் பாட்டில் வருகிறது. ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் ஊர்தி. அங்கேயே ஓட்டுநருக்கும் சொல் இருக்கிறது: வலவன். வண்டிக்கு ஊர்தி என்றால் ஓட்டுபவருக்கு வலவர் என்றே எழுதலாம்.

சாலைசாரா எனக்கு உவப்பில்லை. எதிர்மறையால் ஒரு பொருளுக்குப் பெயரிடுவது, வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது. இந்த வண்டி எங்கே போகாது என்பதைச் சொல்லி என்ன பயன்? எங்கே போகும் என்று சொல்லுங்கள். காட்டிலும் மலையிலும் கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் வழிக்கு நமக்கு அருமையான சொல் ஒன்று உண்டு: அதர். சிலப்பதிகாரத்தில் "கல்லதர் அத்தம்" என்று வரும். ஆகவே "அதரூர்தி".

கதிரைப் பரப்பி மாடுகளை மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிப்பதை அதரி திரித்தல் என்பார்கள். மிதித்து மிதித்து வருவது அதரி என்றால், மிதிபட்டு மிதிபட்டு உண்டான வழி அதர் ஆகாதா? இது என் ஊகம்தான், முப்பது வருடமாக மனதில் இருக்கிறது. அப்படியானால் தார் போட்ட சாலைக்கும் அதருக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. ஒன்று போடப்பட்டது, மற்றது மிதிபட்டது. வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சங்க இலக்கியத்தில் கவலை என்று பெயர். பாலை நிலத்தில் அப்படி ஓரிடத்தில் நின்றவனுக்கு வந்த உணர்வுதான் இன்று நாம் சொல்லும் கவலையோ என்று தோன்றும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இயந்திரவியல் பொறியாளர், பொள்ளாச்சி – திங்கள் இரவு

ஐயா, கவலை மேல் இருக்கும் ஆசை புரிகிறது. ஆனால் அதர் என்றால் எங்கள் அப்பாவுக்கே தெரியாதுங்க. அவர் எம்.ஏ. படித்தவர்.

எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் வேலி போட்டு, மாட்டு வண்டி போகிற மண்வழிக்கு இட்டேறி என்று பெயர். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. டிராக்டரும் மொபெட்டும் போகும். இருபக்கம் வேலி இருப்பதால் யாரும் அதைவிட்டு விலகிப் பக்கத்து வெள்ளாமையில் இறங்க முடியாது. "இட்டேறி வண்டி" என்று சொல்லிப் பாருங்கள். கொங்கு நாட்டுக்காரர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஆசிரியர், யாழ்ப்பாணம் (இப்போது டொராண்டோ) – செவ்வாய்

இட்டேறி எங்களுக்கு விளங்காது. யாழ்ப்பாணத்தில் அதே மாதிரி வேலிகளுக்கு நடுவில் போவது ஒழுங்கை. அதற்காக "ஒழுங்கை வாகனம்" என்று நான் கேட்கப் போவதில்லை. வன்னியில் சரளைப் பாதையைக் கிரவல் ரோட்டு என்போம். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பாதையைக் கொண்டுவந்தால் அக்காவின் தாள் வெள்ளிக்கிழமைக்கு முடியாது.

வாகனம் என்று எழுதினால் என்ன குறை? வடசொல் என்று தள்ளுவீர்கள். ஆனால் தாளைப் படிக்கப் போவது எண்பது வயது ஆச்சி. அவவுக்கு வாகனம் தெரியும், ஊர்தி தெரியாது. ஒரு பிள்ளை கைகால் முறியாமல் வீடு திரும்புவதற்காக எழுதுகிற தாளில் தூய்மைக்கு இரண்டாவது இடம்தான்.

பேராசிரியர், மதுரை – செவ்வாய்

தூய்மையும் விளக்கமும் பகையல்ல. பேருந்து என்ற சொல் வந்தபோதும் பஸ் என்றால்தான் புரியும் என்றார்கள். இன்று பேருந்து நிலையம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சொல்லைப் பிழைக்கவைப்பது பயன்பாடு. பயன்படுத்தவே மாட்டேன் என்றால் எந்தச் சொல்லும் புரியாதுதான்.

கார் மெக்கானிக், டர்ட் பைக் ஓட்டுபவர், சாக்ரமெண்டோ – செவ்வாய் இரவு

இந்தக் குழுவில் நான் படிக்க மட்டும்தான் செய்வேன். பொறித்தடுப்பி என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொறி என்றால் தமிழில் இயந்திரமும் உண்டு, தீப்பொறியும் உண்டு, எலிப்பொறியும் உண்டு. பொறித்தடுப்பி என்றால் இன்ஜினை நிறுத்துகிற ஸ்விட்ச் என்று நினைப்பார்கள். அந்த ஸ்விட்சும் வண்டியில் இருக்கிறது, கைப்பிடி பக்கத்தில், சிவப்பு நிறத்தில். இரண்டும் குழம்பக் கூடாது.

பல வண்டிகளில் தீப்பொறியைத் தடுக்கும் கருவி வெறும் கம்பி வலைதான். சைலன்சர் முனையில் மூன்று நான்கு திருகாணியைக் கழற்றினால் விரல் நீளத்துக்கு ஒரு வலைக்கூடு வெளியே வரும். கரி அப்பி, டீ வடிகட்டி மாதிரி கறுத்திருக்கும். எரிந்த கரித்துணுக்கு சிவக்கச் சிவக்க வெளியே பறக்காமல் அதுதான் பிடித்து வைக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தட்டி, திரும்பப் போட வேண்டும். அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது. அதனால் சில பேர் அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். கோடையில் இங்கே மலையெல்லாம் காய்ந்த புல். ஒரு துணுக்கு போதும். "தீப்பொறி வலை" என்று எழுதுங்கள், கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது வலை. கூடவே ஒரு வரி: காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சர் புல்லில் பட்டால் வலை காப்பாற்றாது.

தாளில் இல்லாத இரண்டு விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே குதிரையில் யாராவது வந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, வாய்விட்டுப் பேசுங்கள். ஹெல்மெட்டோடு இருக்கும் தலை குதிரைக்கு மனிதத் தலை இல்லை. குரல் கேட்டால்தான் அடங்கும். அப்புறம், குழுவாகப் போகும்போது எதிரில் வருபவருக்கு, பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரலால் காட்ட வேண்டும். கடைசி ஆள் கையை மூடிக் காட்டுவார். வளைவில் மோதாமல் இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பொதுப்பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் வண்டி என்றுதான் சொல்வோம்.

ஆசிரியை, சான் ஓசே – புதன் அதிகாலை

சாக்ரமெண்டோ தம்பிக்கு நன்றி. தீப்பொறி வலை, முடிவு. இரண்டு வரிகளும் சேர்த்துவிட்டேன்.

பொதுப்பெயரில் சாலைசாரா வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். காரணம் எதிர்மறை என்பது அல்ல. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் போட்ட 11644ஆம் ஆணையில் "ஆஃப் ரோடு" என்றுதான் இருக்கிறது. மண், தாவரம், விலங்கு, மற்ற பயணிகள் இவர்களுக்கு வரும் தொல்லையைக் குறைத்து, எங்கே ஓட்டலாம் எங்கே கூடாது என்று இடம் குறிக்கச் சொல்கிறது அந்த ஆணை. கலிஃபோர்னியா சட்டமோ "ஆஃப் ஹைவே" என்கிறது. இந்த வேறுபாடு எனக்கு இதுவரை படவே இல்லை. வண்டி நெடுஞ்சாலையைத்தான் விடுகிறது, பாதையை விடவில்லை. தேசியக் காடுகளில் 2005 விதிக்குப் பிறகு வரைபடத்தில் குறித்த சாலையிலும் தடத்திலும் பரப்பிலும் மட்டுமே ஓட்டலாம். பலகை இல்லை என்றால் திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை, வரைபடத்தில் இருக்க வேண்டும்.

சாலைசாரா என்று படிக்கிற பையன் என்ன நினைப்பான்? இந்த வண்டிக்குச் சாலை வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம் என்று. தாளில் ஐந்தாவது விதியே "தடத்தை விட்டு இறங்காதே, நடுவில் தேங்கிய நீரைச் சுற்றிப் போகாதே, சுற்றினால் தடம் அகலமாகிக்கொண்டே போகும்" என்பது. தலைப்பே விதியை மீறக் கூடாது. பொள்ளாச்சி நண்பர் வேலியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு இதே காரணத்தால்தான் பிடித்தது.

ஆகவே "மண்தட வண்டி". தடம் எல்லோருக்கும் தெரியும், வண்டித்தடம் என்று எல்லா ஊரிலும் சொல்கிறோம். முதல் இடத்தில் மட்டும் "ஆஃப் ரோடு வண்டி எனப்படும் மண்தட வண்டி" என்று போடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – புதன்

சாரா என்றால் விலகிய என்றில்லை, சார்ந்திராத என்றுதான் பொருள். ஆனாலும் வாதம் சரி. மண்தட வண்டிக்கு ஆதரவு.

பொறியாளர், பொள்ளாச்சி – புதன்

சரிங்க. ஆதரவு.

பேராசிரியர், மதுரை – புதன் இரவு

ஆசிரியை அம்மா, நீங்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் அதருக்கும் பொருந்தும், அதரும் பாதைதான். தடம் என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம். அடிச்சுவடும் தடம், குளமும் தடம். அதரூர்திக்கு என் ஓட்டு அப்படியே இருக்கட்டும்.

விதிகளைப் படித்தபோது இரண்டு பாட்டுகள் நினைவுக்கு வந்தன. அகநானூறு 4இல் தலைவன் தேரில் வருகிறான். பூத்த சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலங்குமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான்: "மணிநா ஆர்த்த மாண்வினைத் தேரன்". நற்றிணை 11இல் கடற்கரை மணலில் தேர் வருகிறது. சக்கரத்தில் நண்டு சிக்கிவிடாதபடி பாகன் கடிவாள வாரை ஆய்ந்து ஓட்டுகிறான்: "அலவன் ஓம்பி வலவன் வள்பு ஆய்ந்து ஊர". அந்த "ஊர" என்ற வினையிலிருந்துதான் ஊர்தி.

ஆசிரியை, சான் ஓசே – வியாழன்

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் அதே அக்கறைதான். 1986 முதல் வந்த வண்டியின் சைலன்சரிலிருந்து 20 அங்குலத்தில் அளந்தால் சத்தம் 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஓசியானோ மணல்மேட்டில் மார்ச் முதல் செப்டம்பர் வரை உப்புக்கொத்தி வகைச் சிறு பறவை ஒன்று மணலில் முட்டையிடும். அந்தப் பகுதியை வேலியிட்டு வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன இரண்டு பாட்டடிகளையும் தாளின் மேலே போட்டுவிட்டேன். தாத்தாக்கள் பிள்ளைகளுக்கு விளக்கட்டும்.

தலைப்பு "மண்தட வண்டி ஓட்டும் விதிகள்". ஓட்டுபவருக்கு ஓட்டுநர் என்றே வைத்தேன், மன்னியுங்கள். நாளை அச்சு.

ஆசிரியர், டொராண்டோ – வியாழன் இரவு

அக்கா, ஓசியானோவில் தடமே இல்லையே. மணல் திறந்து கிடக்கிறது, குறித்த எல்லைக்குள் எங்கும் ஓடலாம். அங்கே போகும்போது மண்தட வண்டி என்று எப்படிச் சொல்வீர்கள்? வாகனம் என்றால் இந்தச் சிக்கல் வராது.

ஆசிரியை, சான் ஓசே – வெள்ளி காலை

தம்பி, நீங்கள் சொல்வது சரி. பதில் இல்லை. தாள் அச்சுக்குப் போய்விட்டது, நூறு பிரதி. ஓசியானோவுக்கு அடுத்த கோடையில் போகிறோம், அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.