ஸ்பிரிங் டைட் என்றால் வசந்த காலத்து அலையா? ஏப்ரலில் ஹோலி ஐலண்ட் போகிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாந்தோப்பு_காவேரிப்பட்டினம்:

எல்லோருக்கும் வணக்கம். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மெரினாவில் கால் நனைத்ததும், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டதும்தான். அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இங்கிலாந்தில் நியூகாசிலில் படிக்கிறாள். மாங்காய் அறுப்பு தொடங்குவதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் வீட்டுக்காரியும் ஏப்ரலில் இரண்டு வாரம் போகிறோம். பங்குனி உத்திரம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, அங்கே அது ஈஸ்டராம், காரில் ஹோலி ஐலண்ட் என்ற தீவுக்குப் போவதாகத் திட்டம். அந்தத் தீவுக்குப் போகிற ரோடு தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடுமாம். இதைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். போதாததற்கு நேற்று மகள் "அப்பா, அன்னிக்கு ஸ்பிரிங் டைட், நேரத்தை மாத்தணும்" என்று மெசேஜ் போட்டிருக்கிறாள். ஸ்பிரிங் என்றால் வசந்த காலம்தானே? அப்படியானால் ஏப்ரல் முழுக்கவே அப்படித்தானே இருக்கும், ஒரு நாளை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? திரும்பக் கேட்டால் "ஐயோ அப்பா" என்று சிரிக்கிற படம் மட்டும் வருகிறது.

வானிலை ஆப்பில் அந்த வாரம் வெயில் என்று காட்டினால் பயமில்லாமல் போகலாமா? குளிருக்கு எவ்வளவு துணி வேண்டும்? கடலோரம் இருந்தவர்கள், கப்பலில் போனவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓசூர்_சாரல்:

அண்ணா, நியூகாசிலில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தத் தீவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன், அதில் ஒரு முறை மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் துணி. ஏப்ரல்தானே, வசந்தம்தானே என்று நினைத்து மெல்லிசாக எடுத்துப் போகாதீர்கள். அங்கே நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் அப்படிச் சூடேறாது. வட கடலில் தண்ணீர் அதிகம் குளிர்வதே பிப்ரவரி, மார்ச்சில்தான். ஏப்ரலில்கூட 7, 8 டிகிரிதான் இருக்கும், நம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் மேல். அதனால் கிழக்கிலிருந்து காற்று அடித்தால், நியூகாசில் ஊருக்குள் சட்டையோடு திரிகிற வெயில் இருக்கும்போதே கடற்கரையில் பல் கிடுகிடுக்கும். காற்று புகாத ஜாக்கெட், காதை மூடுகிற குல்லா, இரண்டும் கட்டாயம். அக்காவுக்குப் புடவைக்குள் தெர்மல் போட்டுவிடுங்கள், நான் அப்படித்தான் சமாளித்தேன்.

இரண்டாவது, ஆப்பில் வெயில் காட்டுவதை நம்பாதீர்கள். அந்தக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் கடல்மூட்டம் ஒன்று வரும். அந்தத் தீவு இருக்கிற நார்தம்பர்லாந்து ஆட்கள் ஃப்ரெட் என்பார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் ஹார் என்பார்கள். சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தண்ணீர்மேல் தவழ்ந்து வரும்போது அடிப்பகுதி குளிர்ந்து மூட்டமாகிவிடும், அதைக் கடல்காற்று அப்படியே கரைக்குத் தள்ளும். ஓசூரில் மார்கழியில் வருகிற பனிமூட்டம் வேறு, அது தரை இரவில் குளிர்ந்து உண்டாவது, ஒன்பது மணி வெயிலுக்குக் கலைந்துவிடும். இது அப்படி இல்லை. உள்ளே இரண்டு மைல் தள்ளி நீலவானம் இருக்கும், கடலோரத்தில் நாள் முழுக்கப் பஞ்சுப்பொதி மாதிரி உட்கார்ந்திருக்கும். காற்று திசை மாறினால்தான் போகும்.

மாட்டிக்கொண்ட கதை இதுதான். தீவில் சர்ச் இடிபாடு, கோட்டை எல்லாம் பார்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரோடு மூட இருபது நிமிடம் இருக்கிறது என்று கிளம்பினால் ஒருவர் பையைக் கடையில் விட்டுவிட்டார், எடுத்து வருவதற்குள் நேரம் போய்விட்டது. ரோட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் கணுக்கால் அளவுகூடத் தெரியவில்லை. "போயிடலாம்" என்று ஓட்டியவர் சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை, சண்டை போட்டுத் திருப்பினேன். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் ரோடே இல்லை, கம்பங்கள் மட்டும் நின்றன. ஐந்தரை மணி நேரம் காருக்குள் சிப்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். 200 பேர்கூட வசிக்காத தீவு, அன்று சாயங்காலம் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

பென்னாகரம்_பழைய_மாலுமி:

சாரல் சொன்னது எல்லாம் சரி. நான் இருபது வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன், நியூகாசில் வழியாக ஓடுகிற டைன் ஆற்று முகத்துக்குள் பல தடவை வந்திருக்கிறேன். தம்பி கேட்ட பெயர்க் குழப்பத்தை நான் தீர்த்து வைக்கிறேன்.

ஸ்பிரிங் டைடுக்கும் வசந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே ஸ்பிரிங் என்பது துள்ளி எழுவது. அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே வரிசையில் நின்று சேர்ந்து இழுக்கும், அதனால் ஏற்றம் அதிகமாக ஏறும், வற்றம் அதிகமாக வற்றும். வருடம் முழுக்க, மாதத்துக்கு இரண்டு முறை. அந்தத் திதிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சம். அஷ்டமி வாக்கில் இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் ஏற்றவற்றம் சுருங்கும், அதற்கு நீப் டைட் என்று பெயர். நம் ஊரில் காலண்டரைப் பார்க்காமலே திதி சொல்கிற கிழவிகளுக்கு இது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகிற நாட்களை ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே இருப்பதால், அப்போது வருகிற ஸ்பிரிங் டைடுகள்தான் வருடத்திலேயே பெரியவை. ஆகவே உன் குழப்பத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்னொன்றும் கேள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பது சர்ச் கணக்கு. அதனால் கூட்டம் அலைமோதுகிற அந்த விடுமுறை பல வருடங்களில் பெரிய ஏற்றத்தை ஒட்டியே வந்து விழும்.

அளவு எவ்வளவு? சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால்தான் மெரினாவில் உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அந்தத் தீவுப் பக்கம் பெரிய ஏற்றத்தன்று நாலு மீட்டரைத் தாண்டும். (நம் நாட்டிலேயே குஜராத் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரைத் தாண்டும், அங்கே நங்கூரம் போட்டுத் தூங்காமல் கிடந்த இரவுகளை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இந்த நாலு மீட்டர் ஒரே சீராகவும் ஏறாது. ஆறு மணி நேரத்தைப் பிரித்துக்கொள், மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக வை. முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, மூன்றாவது நான்காவது மணிகளில் மூன்று மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று. மாலுமிகளின் மனக்கணக்கு இது. அதாவது நடுவில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மீட்டர் ஏறிவிடும். தட்டையான மணல்வெளியில் ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று யோசித்துப் பார். சாரல் பார்த்த கணுக்கால் தண்ணீர் அரை மணியில் ரோட்டை விழுங்கியது இப்படித்தான்.

தர்மபுரி_எக்ஸ்பிரஸ்:

ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என் மச்சான் அந்த ரோட்டில் டயர் நனைய ஓட்டிப் போய் வீடியோவே போட்டான், ஒன்றும் ஆகவில்லை. வானம் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை. கண்ணால் பார்த்தே முடிவு பண்ணலாம், இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?

பென்னாகரம்_பழைய_மாலுமி:

தம்பி, நீ தர்மபுரிக்காரன். ஒகேனக்கலைப் பார்க்காமலா வளர்ந்திருப்பாய்? பென்னாகரத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் தண்ணீர் திறந்திருப்பான், பிலிகுண்டுலுவில் கனஅடி ஏறிக்கொண்டே போகும், கலெக்டர் பரிசலுக்குத் தடை போடுவார். வெளியூரிலிருந்து வந்தவர் வானத்தைக் காட்டி "எதுக்குங்க தடை" என்று பரிசல்காரரிடம் சண்டைக்கு நிற்பார். நீ இப்போது நிற்கிறாயே, அந்த மாதிரி. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, தலைக்கு மேல் இருக்கிற வானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிலிகுண்டுலு கணக்கை நம்புகிறவன் ஏற்றப் பட்டியலையும் நம்ப வேண்டும்.

உன் மச்சான் தப்பியது நல்லது. உப்புத்தண்ணீர் போன காரின் கதி என்ன ஆயிற்று என்று ஒரு வருடம் கழித்துக் கேட்டுப் பார். அந்த ரோட்டில் வருடா வருடம் கார்கள் மாட்டுகின்றன, படகோ ஹெலிகாப்டரோ வந்து ஆட்களைத் தூக்குகிறது. பாலத்துப் பக்கத்தில் கம்பங்கள்மேல் ஒரு மரக்கூண்டு இருக்கும், காரை விட்டுவிட்டு ஏறி உட்காருவதற்கென்றே கட்டியது. 1954இல் ரோடு போட்டார்கள், மாட்டுகிறவர்கள் இன்னும் நிற்கவில்லை.

வானிலை ஏற்றத்தை மாற்றவும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். சராசரி 1013. ஒரு புயல்சின்னம் 980க்கு இறங்கினால் அதிலேயே ஓர் அடிக்கு மேல் கூடுதல். அதோடு வடக்கிலிருந்து பலமான காற்று அடித்தால், வட கடல் தெற்கே போகப் போகக் குறுகுவதால் தண்ணீர் புனலுக்குள் போல அடைத்துக்கொண்டு ஏறும். 1953 ஜனவரி 31 இரவு ஸ்பிரிங் டைடும் இந்த வடக்குக் காற்றும் ஒன்றாகச் சேர்ந்ததில் நெதர்லாந்தில் மட்டும் 1,800 பேருக்கு மேல் செத்தார்கள். அது குளிர்காலம், ஏப்ரலில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் காற்று பலமாக இருக்கிற அன்று பட்டியலில் "இத்தனை மணி வரை போகலாம்" என்று இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டினம்:

அண்ணா, ஒகேனக்கல் கதையை அப்படியே வீட்டில் சொன்னேன், புலம்பல் பாதி குறைந்துவிட்டது. இப்போது புதுக் கேள்வி. எங்கள் நாள் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வருகிறது, அப்படியானால் உச்சமான ஏற்றத்தை ஒட்டியே போகிறோம். போகலாமா, வேண்டாமா? மகளின் சிநேகிதிகள் வேறு ரோட்டை விட்டுவிட்டு மணலில் கம்பம் நட்ட பழைய வழியில் வெறுங்காலோடு நடக்கலாம் என்கிறார்களாம்.

ஓசூர்_சாரல்:

தாராளமாகப் போகலாம் அண்ணா. பெரிய ஏற்றம் என்றால் பெரிய வற்றமும் உண்டு, அந்த நேரத்தில் மணல்வெளி அவ்வளவு அழகாக இருக்கும். பொதுவாக உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ரோடு மூடிவிடும், ஏற்றம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தக் கரையில் ஏற்றம் மதியத்துக்கு மேல் வரும். அதனால் காலையில் சீக்கிரம் போய், ரோடு மூடியிருக்கும் நேரம் முழுக்கத் தீவிலேயே ஆற அமரச் சுற்றிவிட்டு, சாயங்காலம் திறந்ததும் திரும்புங்கள். எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஊர்க் கவுன்சில் கடக்கும் நேரத்தைப் பட்டியலாகப் போட்டிருக்கிறது, மகள் அதைத்தான் பார்த்திருப்பாள். அவளை நம்புங்கள், விவரமான பெண்.

அந்தப் பழைய நடைவழி மூன்று மைல் இருக்கும். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, அடிமட்ட வற்றத்துக்குள் அக்கரை சேர்ந்துவிட வேண்டும். சேற்றில் கால் புதையும். நடுவில் மூட்டம் இறங்கினால் அடுத்த கம்பமே தெரியாது. சின்னப் பிள்ளைகள் தெரிந்தவர் துணையோடு போகட்டும், நீங்களும் அக்காவும் காரில்.

பென்னாகரம்_பழைய_மாலுமி:

ஒன்று விட்டுப்போனது. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். மாலுமிகள் பார்க்கும் ஏற்றப் பட்டியல்கள் பல பழைய கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும், கையில் கட்டிய கடிகாரம் புது நேரத்தில் ஓடும். ஏப்ரலில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளாமல் பலர் ஏமாறுவது இதனால்தான். எந்தப் பட்டியலாக இருந்தாலும் தலைப்பில் எந்த நேரம் என்று போட்டிருக்கிறான் என்பதை முதலில் பார்.

கடல் வானிலை அறிக்கையில் கரையோரப் பகுதிக்கு "பெர்விக் முதல் விட்பி வரை" என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் படிக்கச் சொல். ஆழ்கடல் அறிக்கை என்றால் டைன், ஃபோர்த் என்ற கடல்பகுதிகள் இரண்டையும் பார்க்க வேண்டும், தீவு இரண்டுக்கும் எல்லையில் கிடக்கிறது. அதில் பார்வைத்தூரம் "வெரி புவர்" என்று இருந்தால் 1,000 மீட்டருக்கும் குறைவு, மூட்டம் என்று அர்த்தம். காற்று "கேல்", அதாவது சூறைக்காற்று, என்று வந்தால் அன்று நியூகாசிலிலேயே கடை கண்ணி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டினம்:

மகளிடம் கடிகார விஷயத்தைக் கேட்டேன். "அப்பா, உனக்கு எப்படித் தெரியும்?" என்று உடனே போனே பண்ணிவிட்டாள். ஹோட்டலில் ஒரு இரவு தங்கலாமா என்று அவளே பார்க்கிறாளாம், ஈஸ்டர் ஆனதால் இடம் கிடைப்பது கஷ்டம் போலிருக்கிறது. கிடைக்காவிட்டால் சாரல் சொன்ன மாதிரி காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறோம். கடை மூடியிருக்கும் என்று படித்ததும் வீட்டுக்காரி புளியோதரை கட்டுவதென்று முடிவு செய்துவிட்டாள். புளிக்காய்ச்சலை விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைக்கலாமா, கையில்தான் கொண்டுபோக வேண்டுமா?

ஓசூர்_சாரல்:

செக்-இன் பெட்டி அண்ணா. இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், எனக்கு ஒருமுறை எண்ணெய் கசிந்து மூன்று சட்டை போனது.