குடம்புளி கேப்ஸ்யூல் செல்லில் கொழுப்பைத் தடுக்குமாம், நம்பலாமா?

டவுன்காரன்:
வாகையடி முக்குப் பக்கம் ஒரு கடையில் எங்கள் மதினி ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார்கள். குடம்புளியும் மரமஞ்சளும் சேர்ந்த கேப்ஸ்யூல். "செல்களில் கொழுப்பு சேர்வதைத் தடுப்பது ஆய்வில் நிரூபணம்" என்று டப்பாவில் போட்டிருக்கிறது. மதினிக்கு சுகர் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை லேப்காரி:
அண்ணாச்சி, எம்.எஸ்ஸி. புராஜெக்டில் நான் வளர்த்ததே இந்த மாதிரி ஆய்வுக்கு லேப் தட்டில் வளர்க்கும் செல்களைத்தான். 3டி3-எல்1 என்று பெயர். சுண்டெலிக் கருவிலிருந்து வந்தவை, மனிதச் செல் இல்லை. தட்டு நிறைய வளர்ந்ததும் அவற்றைக் கொழுப்புச் செல்லாக மாற்ற இன்சுலின், டெக்சாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ் என்ற மூன்று மருந்தும் சேர்ப்போம். ஒரு வாரம் பத்து நாளில் நீளமாகக் கிடந்த செல் உருண்டு, உள்ளே எண்ணெய்த்துளி கட்டிவிடும். ஆயில் ரெட் ஓ சாயம் போட்டால் துளியெல்லாம் சிவப்பு. மூலிகைச் சாறு விட்ட தட்டுக் குழியில் சிவப்பு குறைந்தால் "கொழுப்பைத் தடுத்தது" என்று எழுதிவிடலாம்.

சூது இங்கேதான். செல் செத்தாலும் சிவப்பு குறையும். சாராயத்தை ஊற்றினாலும்தான் குறையும்! செல் உயிரோடு இருக்கிறதா என்று எம்டிடி சோதனையும் கூடவே காட்டியிருக்க வேண்டும். அப்புறம், சாறு எந்த நாளில் விட்டார்கள்? முதல் இரண்டு நாளில் விட்டால், செல் கொழுப்புச் செல்லாக மாறுவதே தடைபடுகிறது. மதினி உடம்பில் இருப்பவை ஏற்கெனவே கொழுப்பு நிறைந்த செல்கள். அதைக் கரைப்பது வேறு சோதனை.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் வெறும் புரளி இல்லை. ஏஎம்பிகே என்ற நொதியைத் தூண்டும், கொழுப்புச் செல் உருவாகத் தேவையான பிபிஏஆர்-காமா என்ற புரதத்தை அடக்கும். ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்துக்கு ஏறுவது ஒரு சதவீதம்கூட இல்லை. தட்டில் ஊற்றும் அளவு உடம்பில் எங்கே கிடைக்கும்?

குடம்புளிக்கு மனிதர்களிடமே சோதனை நடந்திருக்கிறது. அதிலுள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் கொழுப்பு உண்டாக்கும் ஒரு நொதியைத் தடுப்பது உண்மைதான். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில் 135 பேர், 12 வாரம், நாளுக்கு 1500 மில்லிகிராம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை.

குற்றாலத்து மருந்துக்கடை:
தங்கச்சி சொல்வது சரி. செங்கோட்டைப் பக்கம் குடம்புளி போட்டு மீன்குழம்பு வைக்கிறோம், அதனால் மெலிந்த ஒருத்தரையும் நான் பார்க்கவில்லை. மரமஞ்சள் மலையில் அருகிப்போன கொடி. கட்டையாக வாங்கினால் வெட்டிப் பார்க்கலாம், உள்ளே நல்ல மஞ்சள் இருக்கும். கேப்ஸ்யூலுக்குள் என்ன பொடி என்று யார் கண்டார்?

டவுன்காரன்:
ரொம்ப நன்றி. "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார்கள் மதினி. சரியா?

பாளை லேப்காரி:
இல்லை அண்ணாச்சி. ரத்தத்துக்குக் கொஞ்சமே ஏறினாலும் பெர்பெரினும் சர்க்கரையைக் குறைக்கும், மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் தாழ்ந்துபோகலாம். குடம்புளி கலந்த எடைக்குறைப்பு மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களும் உண்டு. டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் அந்தக் கேப்ஸ்யூலை மட்டும் நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு சுகர் டாக்டரிடம் போங்கள்.