ஸ்டீரியோ ஒலியை மோனோ ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க இரண்டு வயர்களையும் நேராகச் சேர்க்கலாமா?

கேள்வி:
எங்கள் ஊர்க் கோயிலில் உள்ள ஆம்ப்ளிஃபயர் மோனோ வகையைச் சேர்ந்தது, அதாவது இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே ஒலியாகத் தருவது. அதில் வெளிக்கருவியின் ஒலியைக் கொடுக்க ஆக்ஸ் என்று குறித்த ஒரே ஓர் ஆர்சிஏ சாக்கெட்தான் உண்டு. கைப்பேசியின் 3.5 மி.மீ. பின்னில் இடப்பக்க வயரை மட்டும் இணைத்தால், சில பழைய பதிவுகளில் பாட்டு கேட்கிறது, வயலின் அடியோடு காணாமல் போகிறது. எனவே இடம், வலம் இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் கேட்டன, ஆனால் கைப்பேசியில் ஒலியைக் கூட்டியதும் கரகரப்பு வருகிறது. இப்படி இணைப்பது கைப்பேசியைக் கெடுக்குமா? சரியான முறையைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்த முறுக்கை உடனே பிரித்துவிடுங்கள். இடமும் வலமும் கைப்பேசிக்குள் இருக்கும் தனித்தனிச் சிறு ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து வருபவை. இரண்டின் வோல்டேஜும் வேறுபடும் ஒவ்வொரு கணமும் ஒன்று மற்றொன்றை இழுக்கப் பார்க்கிறது. இரண்டின் உள்தடையும் சேர்த்து 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 1 வோல்ட் வேறுபாட்டுக்கே 100 மில்லியாம்பியர் ஓட முயலும்; கைப்பேசியின் அந்தச் சிறிய ஐசியால் (சில்லால்) அதைத் தாங்க முடியாததால்தான் கரகரப்பு எழுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைத் தொடராக வைத்து, அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்தால், அதே 1 வோல்ட்டுக்கு ஓடுவது அரை மில்லியாம்பியர் மட்டுமே. ஆக்ஸ் உள்ளீட்டின் தடை பொதுவாக 10 கிலோ ஓமுக்கு மேல் இருப்பதால் ஒலி பெரிதாகக் குறையாது. இரு பக்கமும் சமமாகப் பதிவான குரல் ஏறக்குறைய அப்படியே வரும். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் வயலின் பாதி அளவில் வரும்.

மறுமொழி 2:
செய்முறையைச் சொல்கிறேன். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்க நிறப் பட்டைகள் கொண்ட கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு போதும். பின்னின் நுனி இடம், நடு வளையம் வலம், அடிப்பகுதி கிரவுண்டு (இரண்டுக்கும் பொதுவான முனை). ரெசிஸ்டரின் காலை ஒட்ட வெட்டி, பின்னின் கூட்டுக்குள்ளேயே பற்றவைத்துவிட்டால் தனிப் பெட்டி தேவையில்லை. ஆனால் கால்களுக்கு ஸ்லீவ் (மின்கடத்தா உறை) போட மறந்தால், மூடியைத் திருகும்போது கால்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அங்கிருந்து ஆர்சிஏ பின் வரை ஷீல்டு வயரே (உலோக வலை சுற்றியது) வேண்டும், சாதாரண வயர் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். முடித்ததும் மல்டிமீட்டரை நுனியிலும் வளையத்திலும் வையுங்கள்: 2 கிலோ ஓம் காட்ட வேண்டும். நுனிக்கும் ஆர்சிஏ நடு முனைக்கும் இடையே 1 கிலோ ஓம். நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. நேற்று மாலை செய்து முடித்தேன். முதலில் மீட்டர் சுழியம் காட்டியது. பார்த்தால் நீங்கள் சொன்னபடியே ஒரு கால் மற்றொரு காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சரிசெய்த பிறகு வயலின் தெளிவாகக் கேட்கிறது, கரகரப்பு அறவே இல்லை. இதே முறையில் வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளையும் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
கூடவே கூடாது. அங்கு ஓடும் மின்னோட்டம் மிக அதிகம். மேலும் பல ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்டே அன்று, அதுவும் ஓர் அவுட்புட்தான். ஸ்பீக்கர் வரை போகாமல், ஒலியைத் தரும் கருவியிலிருந்து வரும் வயரிலேயே இந்த ரெசிஸ்டர்களை வையுங்கள்.