ஒன்பது வயதுப் பெண்ணுக்கு கார்பன் பிளேடு இப்போதே தேவையா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது. திருச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் ஓராண்டுக்கும் மேலாக டேபிள் டென்னிஸ் கற்று வருகிறாள். வாரத்தில் ஐந்து நாள், மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. இதுவரை விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிய ரெடிமேட் பேட்டை வைத்தே ஆடினாள். அதன் ரப்பர் வழுவழுப்பாகிவிட்டதால் பந்தில் சுழற்சி ஏறுவதில்லை என்றும், இனி பிளேடையும் (ரப்பர் ஒட்டாத வெறும் மட்டை) அதன் இரு பக்கமும் ஒட்டும் ரப்பரையும் தனித்தனியாக வாங்கி ஒட்டிக்கொள்வதே நல்லது என்றும் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு 11 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளை ஆட வைக்கும் எண்ணமும் அவருக்கு இருக்கிறது.

எங்கள் குழப்பம் இதுதான். அதே மையத்தில் ஆடும் சில பிள்ளைகள் பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா என்ற கார்பன் பிளேடும் டெனர்ஜி ரப்பரும் வைத்திருக்கிறார்கள். எப்படியும் பின்னால் வாங்கத்தான் போகிறீர்கள், இப்போதே வாங்கிவிட்டால் இரட்டைச் செலவு மிச்சம் என்று அவர்களுடைய பெற்றோர் சொல்கிறார்கள். இன்னொருவர், பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிள்ஸ் என்ற நீள முள் ரப்பரை ஒட்டிவிட்டால் இந்த வயதில் யாராலும் அவளை வெல்ல முடியாது என்கிறார். நானும் என் கணவரும் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் அல்லர். பணத்தைப் பற்றி அவ்வளவு கவலையில்லை; தவறான பொருளைக் கொடுத்து அவளுடைய ஆட்டத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மாலைநேரப் பயிற்சி (பதில்)

வணக்கம் அம்மா. சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த வயதில் கார்பன் வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் மற்ற பெற்றோரிடம் நீங்களும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழல வைக்கும் அடி) ஆடும்போது பந்தை உரசித் தூக்க வேண்டும். அதற்கு இடுப்பு திரும்பி, முன்கை மடங்கி, மட்டை நெற்றிக்கு அருகில் வந்து முடிகிற முழு வீச்சு கைவர வேண்டும். கார்பன் இழை சேர்த்த பிளேடு விறைப்பானது; பந்து பட்ட மாத்திரத்தில் கிளம்பிவிடும். முழு வீச்சோடு ஆடினால் பந்து மேசையைத் தாண்டிப் போய்விடுவதால், குழந்தை யாரும் சொல்லாமலேயே வீச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, மட்டையை முன்னால் நீட்டித் தட்டப் பழகிவிடும். பார்ப்பவர்களுக்கு அது வேகமான ஆட்டமாகத் தெரியும், புள்ளிகளும் கிடைக்கும். ஆனால் எதிராளி கனமான கீழ்ச்சுழற்சியோடு ஒரு புஷ் (பந்தைத் தாழ்வாகத் தள்ளிவிடும் அடி) போட்டால் அதைத் தூக்க அந்தக் கைக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதில் அந்தப் பழக்கத்தை மாற்ற முயல்வது, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

விஸ்காரியா மிக நல்ல பிளேடு என்பதில் ஐயமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற ஜாங் ஜிகே ஆடியது அதில்தான். ஆனால் முழுமையாகத் தேர்ந்த வீச்சும் பெரியவர்களின் உடல் வலுவும் உள்ளவர்களுக்காக அமைந்தது அது.

உங்கள் மகளுக்கு முழுவதும் மரத்தாலான ஐந்து பிளை (ஐந்து அடுக்கு) ஆல்ரவுண்ட் பிளேடு, அதாவது மிதமான வேகமுள்ள பிளேடு, பொருந்தும். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக், டோனிக் ஆப்பெல்கிரென் ஆல்ப்ளே போன்றவை பல ஆண்டுகளாகச் சிறுவர்களின் கைகளில் இருந்து வருகின்றன. இவற்றில் பந்து படும்போது மரம் லேசாக வளைந்து கொடுப்பதை உள்ளங்கை உணரும். பந்தை மெல்லத் தொட்டோமா, அழுத்தி உரசினோமா என்று குழந்தை அறிந்துகொள்வது அந்த உணர்வின் மூலம்தான். ரப்பருக்கு யசாகா மார்க் ஃபைவ் அல்லது பட்டர்ஃபிளை ஸ்ரைவர் போதும், இரண்டு பக்கமும் 1.8 மி.மீ. ஸ்பாஞ்சோடு (மேல் ரப்பருக்கு அடியில் உள்ள மென்மையான அடுக்கு). ஸ்பாஞ்சு தடிமனாக ஆக அது பந்தை வில்போல் எறியும். மெல்லியதாக இருந்தால் வேகத்தைக் குழந்தையின் கைதான் கொடுத்தாக வேண்டும்.

எடையைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. பெரியவர்களின் மட்டை ரப்பரோடு சேர்ந்து 175 முதல் 190 கிராம் வரை இருக்கும். ஒன்பது வயதுக் கைக்கு 160 கிராமை ஒட்டி இருப்பது நல்லது. மட்டை கனமா என்று அறிய, பயிற்சி தொடங்கி அரைமணி நேரம் கழித்து அவள் அடுத்த பந்துக்காகக் காத்து நிற்கும்போது மணிக்கட்டைப் பாருங்கள். மட்டையின் நுனி மணிக்கட்டைவிடத் தாழ்ந்து தரையை நோக்கித் தொங்கினால் கனம் அதிகம் என்று பொருள். அந்த நிலையிலிருந்து பேக்ஹேண்ட் ஆடும் பிள்ளைகள் முழங்கையை வெளியே தூக்கித்தான் ஆடுவார்கள்.

ஐந்துபிளை (பதில்)

மேலே பதில் எழுதிய பயிற்சியாளர் சொன்னதில் பிளேடு, எடை இரண்டையும் முழுமையாக ஏற்கிறேன். ரப்பரில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு.

ஸ்ரைவர், மார்க் ஃபைவ் இரண்டும் 1960களின் இறுதியில் வந்தவை. அப்போது ஆடப்பட்டது 38 மி.மீ. செல்லுலாய்டு பந்து. 2000ஆம் ஆண்டில் பந்து 40 மி.மீ. ஆனது, 2014 முதல் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பந்தில் ஏறும் சுழற்சி குறைந்திருக்கிறது. ஆகவே இன்றைய பந்தைப் பழைய ரப்பரால் உரசும் குழந்தை, சரியாகவே உரசினாலும் பந்து வலையைத் தாண்டி வளைந்து இறங்குவதைக் காண்பதில்லை. உரசினால் பலன் உண்டு என்று கண்ணால் பார்க்காத குழந்தை, தட்டியே ஆடுவோம் என்று முடிவு செய்துவிடக்கூடும். அதாவது, எந்தப் பழக்கம் வரக் கூடாது என்று பயிற்சியாளர் அஞ்சுகிறாரோ அதே பழக்கம் வேறு வாசல் வழியாக வந்துவிடும்.

பட்டர்ஃபிளை ரொசேனா, ஷியோம் வேகா யூரோப் போன்ற நடுத்தர மென்மையுள்ள புதிய ரப்பர்களில், மேற்பரப்பு பந்தை நன்றாகப் பற்றும்; டெனர்ஜி அளவுக்கு எறியவும் எறியாது. ஃபோர்ஹேண்ட் பக்கமாவது அப்படி ஒன்றை மெல்லிய ஸ்பாஞ்சில் ஒட்டிப் பாருங்கள். டெனர்ஜியைப் பொறுத்தவரை, அந்த ஒரு ரப்பருக்குக் கொடுக்கும் விலையில் நல்ல ஐந்து பிளை பிளேடு ஒன்றையே வாங்கிவிடலாம். தினமும் ஆடும் பிள்ளைக்கு ஒரு ரப்பர் சில மாதங்கள்தான் உழைக்கும் என்பதால், பின்னால் ஆகும் செலவு மிச்சமாகும் என்ற கணக்கும் இங்கே பொருந்தாது.

நடுவர்மேசை (பதில்)

வாங்கும் முன் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டையின் அளவுக்கோ எடைக்கோ விதியில் கட்டுப்பாடு இல்லை. எனவே சிறுவர்களுக்கென்று மெல்லிய கைப்பிடியோடு வரும் இலகுவான பிளேடுகளையும் தயக்கமின்றி வாங்கலாம். ரப்பரில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் ஒப்புதல் முத்திரை ரப்பரின் அடிப்பகுதியில், கைப்பிடிக்கு அருகில் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டும்போது அந்த முத்திரையை வெட்டிவிடக் கூடாது. ஒரு பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். மறுபக்கத்துக்குச் சிவப்பைத் தவிர இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகிய நிறங்களும் 2021 அக்டோபர் முதல் அனுமதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பக்கமும் மேல் ரப்பர், ஸ்பாஞ்சு, பசை மூன்றும் சேர்த்து 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நீரை அடிப்படையாகக் கொண்ட பசையையே பயன்படுத்துங்கள். ரப்பரை வேகமாக்குவதாகச் சொல்லி பூஸ்டர் எண்ணெய் தடவிக் கொடுக்க முன்வருபவர்களிடம் மறுத்துவிடுங்கள், விதிப்படி அது குற்றம்.

காவிரிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை பயிற்சியின்போது பார்த்தேன். பயிற்சியாளர் ஐயா சொன்னதுபோலவே மட்டையின் நுனி கீழே தொங்கத்தான் செய்கிறது. வீட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்தபோது பழைய பேட் 184 கிராம் காட்டியது. இன்னும் இரண்டு கேள்விகள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அவளுக்கு அடிக்கடி கொப்புளம் வருகிறது. மட்டையைத் தவறாகப் பிடிக்கிறாளா? லாங் பிம்பிள்ஸ் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இருவரின் தந்தை (பதில்)

சகோதரி, கொப்புளத்துக்குப் பிடி காரணமாக இருக்க வேண்டியதில்லை. கைப்பிடியும் தட்டும் சேரும் இடத்தில், ரப்பர் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே, பிளேடின் விளிம்பு கூராக இருக்கும். விரல் படுவது அங்கேதான். என் பிள்ளைகளின் பிளேடுகளில் அந்த இரண்டு மூலைகளையும் நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து உருட்டிவிடுவது வழக்கம். ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே தேய்த்துவிட்டு, துணியால் தூளைத் துடைத்துவிடுங்கள். தட்டின் முகத்தில் உப்புத்தாள் படக் கூடாது. அடிப்பகுதியில் விரிந்த கைப்பிடி, நேரான கைப்பிடி இரண்டையும் கடையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய கைகளுக்குப் பெரும்பாலும் விரிந்ததே நழுவாமல் நிற்கிறது.

மாலைநேரப் பயிற்சி (பதில்)

லாங் பிம்பிள்ஸ் பற்றி நான் சொல்கிறேன். நீளமான, வளையும் முட்கள் கொண்ட ரப்பர் அது. எதிராளி டாப்ஸ்பின் போட்டால், அந்தச் சுழற்சியை அழிக்காமல் கீழ்ச்சுழற்சியாகத் திருப்பி அனுப்பும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியாது. அடுத்த பந்தை வலையில் அடிப்பார்கள். கோப்பைகள் வருவது உண்மைதான். ஆனால் எதிராளிகள் வளர்ந்து, அந்தப் பந்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, பேக்ஹேண்டில் ஒரு டாப்ஸ்பின்கூடப் போடத் தெரியாத பிள்ளைக்கு என்ன இருக்கும்? இதுதான் எனக்கு வருத்தமளிக்கும் விஷயம். நம் ஊர்களில் குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அவர்களைக் கேட்காமலேயே, சீக்கிரம் வெற்றி வர வேண்டும் என்று இதை ஒட்டிவிடுகிறார்கள்.

இந்த ரப்பரை நான் இழிவாகப் பேசவில்லை. பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்து ஆடும் மணிகா பத்ரா 2018இல் கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். ஆன்டி ஸ்பின் ரப்பரோடு (சுழற்சி ஏறாத வழுவழுப்பான ரப்பர்) ஆடும் அய்ஹிகா முகர்ஜி 2024இல் பூசானில் நடந்த உலகக் குழுப் போட்டியில் அப்போதைய முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை வீழ்த்தினார். ஆட்டத்தின் நடுவே மட்டையைக் கையிலேயே திருப்பி, எந்தப் பக்கத்தால் எப்போது ஆடுவது என்று முடிவெடுக்கும் திறமை இத்தகைய ஆட்டத்துக்கு வேண்டும். இரண்டு பக்கமும் சாதாரண ரப்பரில் ஆடத் தெரிந்த பிறகு, அவளுடைய இயல்பு அந்த ஆட்டத்துக்குப் பொருந்துகிறது என்று அவளுடைய பயிற்சியாளர் கருதினால், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் யோசிக்கலாம்.

ரப்பரைப் பற்றி நண்பர் ஐந்துபிளை சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஃபோர்ஹேண்ட் பக்கம் அவர் சொல்லும் புதிய ரப்பரை ஒட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. பேக்ஹேண்டுக்கு மட்டும் மார்க் ஃபைவ் இருக்கட்டும். பேக்ஹேண்ட் வீச்சு சிறியது, மணிக்கட்டு இன்னும் உறுதிப்படவில்லை, அந்தப் பக்கம் பந்து எகிறாமல் இருப்பது முக்கியம். பின்னால் மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் ஃபோர்ஹேண்ட் ஸ்பாஞ்சு 2.0 மி.மீ., பிறகு பேக்ஹேண்ட், கடைசியாகத்தான் பிளேடு. மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கி, வீச்சைக் குலைக்காமல் முழு பலத்தோடு ஆடியும் பந்து எதிர்ப்பக்கத்தில் ஆழமாக விழாமல் குட்டையாகவே விழுந்தால், பிளேடை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தொலைபேசியில் வாங்குவதானால், ஒரே மாதிரியில்கூட ஒவ்வொரு பிளேடும் சில கிராம் வித்தியாசப்படும் என்பதால், 80 கிராமுக்கு மிகாத ஒன்றை நிறுத்து எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். வெட்டிய ரப்பர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிராம் வரும்; மொத்தம் 160ஐ ஒட்டி நிற்கும். ஒட்டும் வேலையை முதல் முறை அவளுடைய பயிற்சியாளரிடமே கொடுத்துவிடுங்கள். ஆடி முடித்ததும் ஈரமான ஸ்பாஞ்சால் ரப்பரைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டி உறையில் வைக்க அவளையே பழக்குங்கள்.