துணிக்கூரைக் காரின் ஓரக் கேபிள்: நாணா, வடமா?

ஸ்கார்பரோவிலிருந்து, திங்கள் இரவு

தமிழ்ச் சொல் தேடும் நம் மடற்குழுவில் எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் கேபிளுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். சனிக்கிழமைகளில் எங்கள் பெடியன்கள் எட்டுப் பேருக்குக் காரின் இருக்கைத் துணி, கூரைத் துணி மாற்றுகிற வேலை பழக்குகிறேன். இந்தக் கிழமை, மடக்கித் திறக்கிற துணிக்கூரையில் கேபிள் மாற்றுவது. நாலு பக்கக் குறிப்பை எழுதி முடித்துவிட்டேன், இந்த ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறது.

கதவுக் கண்ணாடிக்கு மேலே, துணியின் ஓரத்தில் உட்புறமாக ஒரு நீண்ட மடிப்பு தைத்திருக்கும், பாவாடை நாடா ஓடுகிற மடிப்பு மாதிரி. அதற்குள் மெல்லிய எஃகுக் கேபிள் ஒன்று கிடக்கும். முன்நுனியை முன்சட்டத்தோடு ரிவெட் அடித்தோ திருகியோ வைத்திருப்பார்கள். பின்நுனியில் ஒரு ஸ்பிரிங். கூரையை மூடியதும் கேபிள் விறைத்துத் துணியின் ஓரத்தைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அது அறுந்தால் நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது துணி வெளியே புடைக்கும், காற்று விசிலடிக்கும். அதைவிட மோசம், கூரையை மடக்கும்போது தொய்ந்த துணி சட்டத்தின் மூட்டுக்குள் அகப்பட்டு வெட்டுப்பட்டுவிடும்.

நேற்றுக் கையில் எடுத்த காருக்கு இருபது வயது. சட்டம் மடங்குகிற மூட்டுக்கு நேரேதான் அறுந்திருந்தது. மடிப்பைப் பிரித்தால் துருக்கறை, தேய்ந்த விளக்குமாறு மாதிரி விரிந்த கம்பி முனைகள். பெருவிரலில் இரண்டு ஏறிவிட்டது.

கேபிள் என்றே எழுதலாம்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் இன்னும் இரண்டு கேபிள் வருகிறது. கூரைப் பூட்டை விடுவிக்கிற கேபிள், குழாய்க்குள் வழுக்கி இழுக்கும். மோட்டார் வைத்த சில கூரைகளில், நடுவில் இருக்கிற மோட்டாரிலிருந்து இரண்டு பக்கப் பற்சக்கரப் பெட்டிக்கும் போகிற கேபிள், ஸ்கூட்டரின் மீட்டர் கேபிள் மாதிரி உள்ளுக்குள் சுழலும். ஒன்று சும்மா விறைத்து நிற்கிறது, ஒன்று இழுக்கிறது, ஒன்று சுழல்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் பெடியன்கள் பிழையானதைக் கழற்றுவார்கள்.

கோவையிலிருந்து, செவ்வாய் காலை

டென்ஷன் கேபிள், லாக் கேபிள், மீட்டர் கேபிள். முடிந்தது. கிளட்ச் கேபிள் அறுந்தால் கடையில் போய் அப்படித்தான் கேட்கிறோம், அவனும் எடுத்துக் கொடுக்கிறான். தமிழ்நாடு அரசே 'அரசு கேபிள் டிவி' என்று பெயர் வைத்திருக்கிறது. அரசுக்கே தேவைப்படாத சொல் எட்டுப் பையன்களுக்கு எதற்கு?

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

அரசு வைத்த பெயரெல்லாம் தமிழுக்குச் சான்று என்றால் இந்தக் குழுவையே மூடிவிட்டுப் போகலாம்.

தம்பி, உங்கள் கூரைத் துணியைக் குறுக்கே தாங்கி நிற்கும் வளைந்த சட்டங்களுக்கு ஆங்கிலத்திலும் வில் என்ற பெயர்தான் என்று அறிகிறேன். வில் இருக்கிறது, விறைத்து நிற்கும் எஃகு இழை இருக்கிறது, அப்புறம் என்ன தயக்கம்? நாண். வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்குக் கணக்குப் பாடத்தில் நாண் என்றுதான் இன்றைக்கும் படிக்கிறார்கள். பிள்ளைகள் அறியாத சொல் அல்ல.

சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் மதியம்

கலைச்சொல் பட்டியல்களில் கேபிளுக்குக் கம்பிவடம் என்று ஏற்கெனவே இருக்கிறது. வடம் என்றாலே பல புரிகளை முறுக்கியது என்பது தெரிந்துவிடும். இந்த வகைச் சிறு எஃகுக் கேபிளில் பரவலான ஒன்று ஏழு புரி, புரிக்கு ஏழு கம்பி, ஆக 49 கம்பி. திருவாரூர் ஆழித்தேரின் வடத்தை நினைத்துப் பாருங்கள், அதுவும் முறுக்குதான். நாண் என்றால் ஒற்றை இழை போலத் தோன்றுகிறது.

மதுரையிலிருந்து, செவ்வாய் மாலை

தேர்வடம் தேரை நகர்த்துகிறது அம்மா. தம்பி கேட்டது எதையும் நகர்த்தாமல் விறைத்து நிற்பதற்கு. அதனால்தான் வடத்தை இழுக்கிற கேபிளுக்குக் கொடுத்துவிட்டு நாணை இதற்கு வைக்கச் சொல்கிறேன். பூட்டை விடுவிப்பது உறைவடம், கூரையோரத்தில் இருப்பது நாண்.

நாகர்கோவிலிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா சொல்வது நல்ல சொல். ஆனால் பாதிதான் சொன்னார். நாண் என்பது பின்னால் வந்த வடிவம், மூலம் ஞாண். மலையாளத்தில் இன்றும் வில்லின் கயிறு ஞாண்தான். நாமும் விட்டுவிடவில்லை: குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிறோமே அரைஞாண், அதைத்தான் அரணாக்கயிறு என்கிறோம். ஞாண் என்றாலே கயிறு, அதன் பிறகு இன்னொரு கயிறு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஞாண் என்று வைத்தால் வெட்கத்தைக் குறிக்கும் நாணோடு குழப்பமும் வராது.

இன்னொன்று. நாண் எதையும் நகர்த்தாது என்பதை வள்ளுவர் ஒப்புக்கொள்ள மாட்டார். 1020-வது குறள்: 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று.' பொம்மலாட்டக் கயிறு பாவையை ஆட்டுகிறது, அதற்கும் நாண் என்றுதான் பெயர். அப்படியானால் மோட்டார் கேபிளும் நாண்தானே?

மதுரையிலிருந்து, புதன் அதிகாலை

ஆட்டுவது கை, நாண் அல்ல. குறளின் நயமே முதல் நாணுக்கும் இரண்டாம் நாணுக்கும் உள்ள உறவில்தான் இருக்கிறது. உள்ளே நாண் இல்லாதவனை வெளியே இருக்கும் நாண் ஆட்டுகிறது. ஞாண் என்று மாற்றிவிட்டால் அந்த அழகு போய்விடும்.

கோவையிலிருந்து, புதன் காலை

குறளின் அழகு காப்பாற்றப்பட்டது. காரைக் கவனிப்போமா?

குறிப்பை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கூரையில் வில். நாணின் பின்நுனியில் ஸ்பிரிங், அதற்குப் பாடநூல் சொல் சுருள்வில். அந்தக்கால வில்வண்டியின் வில்லும் ஸ்பிரிங்தான். 'நாணை வில்லில் மாட்டு' என்றால் பையன் எந்த வில்லில் மாட்டுவான்? உறைவடமும் தேறாது. அந்த ஓரக் கேபிளும் உறைக்குள்தானே கிடக்கிறது, எது உறைவடம்?

அப்புறம், என் மகனிடம் நாண் என்றால் என்ன என்று கேட்டேன். பட்டர் நாண் என்றான்.

இவ்வளவு பாடு வேண்டாம் தம்பி. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் வந்த அந்த முதல் மாஸ்தா எம்எக்ஸ்-5 மாதிரி கையாலேயே மடக்குகிற கூரையை வைத்துப் பாடம் எடுங்கள். மோட்டார் கேபிளே வராது, ஒரு சொல் மிச்சம்.

ஸ்கார்பரோவிலிருந்து, புதன் இரவு

கோவை அண்ணை, வருகிற காரைத்தானே திருத்தலாம்!

சுருள்வில் குழப்பம் உண்மைதான். அதனால் குறுக்குச் சட்டத்தை வில் என்று எழுதாமல் வளைசட்டம் என்று மாற்றிவிட்டேன். மடிப்புக்கு உறை என்று எழுதியதையும் தையல்மடிப்பு ஆக்கிவிட்டேன். இன்னொரு சிக்கல்: கூரையை 'மடிகூரை' என்று எழுதினால் என் கணினி 'மடிக்கூரை' என்று திருத்துகிறது. எது சரி?

மதுரையிலிருந்து, புதன் இரவு

மடிகூரை. வினைத்தொகை, ஊறுகாய் போல. ஒற்று மிகாது. மடிக்கணினிக்கு ஒற்று வந்தது, அது மடியில் வைக்கும் கணினி என்பதால். நீங்கள் மடிக்கூரை என்று எழுதினால் மடியில் வைத்துக்கொள்ளும் கூரை ஆகிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து, வியாழன் காலை

மடி என்பது தானே மடிவது. கையால் மடக்குகிற கூரை என்றால் மடக்குகூரை அல்லவா? மோட்டார் வைத்தது மட்டும் மடிகூரை என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பிரித்துக் காட்டலாமே.



குழாய்க்குள் வழுக்குகிற கேபிள் பற்றி ஒரு தகவல். அந்த அமைப்புக்கு 1896-ல் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் போடன், ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 'போடன் வடம்' என்று எழுதினால் உறை என்ற தகராறே இல்லை.

ஸ்கார்பரோவிலிருந்து, வியாழன் இரவு

நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்ததில் நாணுக்கு ஐந்து பேர், வடத்துக்கு மூன்று, கேபிளுக்கு இரண்டு, ஞாணுக்கு ஒருவர் (வணக்கம் அண்ணாச்சி). ஒரு பத்தியை எழுதிப் பார்த்துவிட்டேன்:

'கூரையைப் பாதி திறந்து முட்டுக் கொடுங்கள். அப்போதுதான் பக்க நாண் தளரும். பின்நுனியைச் சுருள்வில்லோடு கழற்றுங்கள். முன்நுனியின் ரிவெட்டைத் துளையிட்டு எடுங்கள். அறுந்த துண்டுகளை இடுக்கியால் வெளியே எடுங்கள், வெறும் கையால் வேண்டாம். மற்றப் பக்கத்து நாண் அறாமல் முழுதாக இருந்தால், அதன் பின்நுனியில் உறுதியான நூலைக் கட்டிவிட்டு நாணை முன்பக்கமாக உருவுங்கள். நூல் தையல்மடிப்புக்குள் நிற்கும்; புது நாணை அந்த நூலில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அறுந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், மற்றதற்கும் அதே வயதுதான்.'

எனக்கு வாசிக்க வருகிறது. ஓரத்தில் இருப்பது பக்க நாண், பூட்டை விடுவிப்பது போடன் வடம். சுழல்வதற்கு ஒன்றும் பிடிபடவில்லை, 'சுழல்கேபிள்' என்றே விடுகிறேன். முதல் பக்கத்தில் ஒரு தடவை, கடையில் மூன்றையும் கேபிள் என்றுதான் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

அந்த ஒரு வரிதான் இதில் பயன்படப் போகிறது. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து, வெள்ளி காலை

என்னுடையதையும். ஞாண்.

மதுரையிலிருந்து, வெள்ளி நண்பகல்

மகிழ்ச்சி தம்பி. ஆனால் பத்தியில் ரிவெட் என்று ஒரு சொல் ஓசைப்படாமல் உள்ளே வந்துவிட்டதைக் கவனித்தேன். தறையாணி இருக்கிறதே? தறைதல் என்றால் ஆணியை அடித்து இறுக்குதல். இதைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து, வெள்ளி நண்பகல்

ஐயா, அச்சுக்குப் போயாச்சு.