1969 கமாரோ: முன் சப்ஃபிரேம் நேராக உட்காரவில்லை

ஒஹாயோவில் இருக்கிறேன். வண்டி 1969 செவ்ரோலே கமாரோ. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பில் பழைய முன் சப்ஃபிரேம் (என்ஜினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் இரும்புச் சட்டம்) துருவேறி, ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் விரல் நுழையும் அளவு ஓட்டையாகிவிட்டது. மூன்று வாரம் முன்பு அதே வருட செவ்ரோலே நோவா காரின் சப்ஃபிரேமை மாட்டினேன். இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான்.

இப்போது இடது முன்சக்கரம் வலதைவிட 12 மி.மீ. பின்னால் நிற்கிறது. கதவைத் திறந்தால் ஃபென்டரில் உரசி பெயின்ட் சுருளாக உதிர்கிறது.

பாடி புஷ் (சப்ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவில் வரும் மெத்தைத் துண்டு) நான்கும் புதிது. போல்ட்டுகளைத் தளர்த்தி, சப்ஃபிரேமையும் பாடியையும் நேர்ப்படுத்த இரண்டிலும் இருக்கும் அளவுத் துளைகளில் 5/8 அங்குலக் கம்பியை விட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, இடப்பக்கம் பாதித் துளை மறைகிறது. ஜாக்கி வைத்துத் தள்ளியும் அசையவில்லை. ஆசையாக வைத்திருக்கும் வண்டி, அவசரப்பட்டு வெட்டி ஒட்ட மனமில்லை.

கோணல் நோவா சப்ஃபிரேமிலா, என் வண்டியின் தரையிலா என்று கழற்றாமலே கண்டுபிடிக்க எந்தப் புள்ளிகளை அளக்க வேண்டும்?