'மாடரேட்' வந்தாலே 'மிதமான' என்று போட்டுவிடலாமா?

சுவடிக்காரன் கேட்டது:

பல துறை அறிவிப்புகளைத் தமிழாக்கும் குழுவுக்காகச் சொற்பட்டியல் ஒன்று தயாராகிறது. 'மாடரேட்' என்ற சொல்லுக்கு நேராக இப்போது 'மிதமான' என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வருகிற இடங்களைப் பாருங்கள்:

மாடரேட் மழை. காற்றின் தரம் மாடரேட். குழந்தைக்கு மாடரேட் ஊட்டச்சத்துக் குறைபாடு. பணவீக்கம் 'மாடரேட்' ஆனது. அணு உலையில் 'மாடரேட்டர்'. விவாதத்துக்கும் 'மாடரேட்டர்'.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல் ஒத்துவருமா? ஒத்துவராது என்றால் எங்கே எதைப் போடுவது? அகராதிப் பொருள் தெரியும். நடைமுறையில் எங்கே தவறு நடக்கிறது என்பதுதான் தேவை.

---

பிழைதிருத்தி:

ஒத்துவராது. காரணம் ஆங்கிலச் சொல்லில் இல்லை, நம் 'மிதம்' என்ற சொல்லில் இருக்கிறது.

தமிழில் 'மிதம்' பாராட்டுச் சொல். மிதமான உணவு, மிதமான வேகம், மிதமான சூடு என்று சொன்னால் 'சரியான அளவில் இருக்கிறது, கவலை வேண்டாம்' என்றுதான் காதில் விழும். ஆங்கில 'மாடரேட்'டுக்கு அந்தக் குணம் பாதி இடங்களில்தான் உண்டு. மீதி இடங்களில் அது ஓர் அளவுகோலின் நடுப்படி, அவ்வளவே. அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று பார்க்காமல் 'மிதமான' போட்டால், கெட்ட செய்தி நல்ல செய்தியாகிவிடும்.

தலைக்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை மாடரேட், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. 9 என்றால் கடுமைக்கு ஒரு புள்ளிதான் பாக்கி. அதை 'மிதமான தலைக்காயம்' என்று எழுதிக் கொடுத்தால் உறவினர்கள் வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று கேட்பார்கள். 'நடுத்தரத் தீவிரமுள்ள காயம்' என்று எழுதுங்கள். அழகாக இல்லைதான், ஆனால் ஆளை ஏமாற்றாது.

ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இரட்டைச் சிக்கல். ஆங்கிலத் தொடரில் 'மாடரேட்', 'அக்யூட்' இரண்டும் சேர்ந்து வரும். 'அக்யூட்' என்பதைக் 'கடுமையான' என்று பெயர்த்தால் 'மிதமான கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று ஒரு விநோதம் பிறக்கும். அங்கே 'அக்யூட்' குறிப்பது கடுமையை அல்ல, குறுகிய காலத்தில் உண்டான மெலிவை. கடுமைக்கு 'சிவியர்' என்று தனிச்சொல் இருக்கிறது. அதனால் 'இடைநிலை உடல்மெலிவு', 'கடும் உடல்மெலிவு' என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் போகும். பக்கத்திலேயே எண்ணையும் போடுங்கள்: 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடுமை, 11.5 முதல் 12.5-க்குள் இருந்தால் இடைநிலை. அங்கன்வாடிப் பணியாளர் கையில் இருப்பது அளவு நாடா, அகராதி இல்லை.

கர்ப்பிணிகளின் ரத்தசோகையும் இதே கதை. ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 7.0 முதல் 9.9 கிராம் வரை 'மாடரேட்'. 7.1 உள்ள பெண்ணுக்கு 'மிதமான ரத்தசோகை' என்று தாளில் எழுதினால் அவர் மாத்திரையை மறந்துவிடுவார்.

காற்றின் தரம்தான் எல்லாவற்றிலும் மோசமான பொறி. ஒரே சொல், இரண்டு நாடு, இரண்டு பொருள். அமெரிக்கக் குறியீட்டில் 51–100 தான் 'மாடரேட்'. பெரும்பாலோர்க்குப் பாதகமில்லாத காற்று அது. இந்தியக் குறியீட்டில் 51–100 'திருப்திகரம்'. 101–200 தான் 'மாடரேட்'. ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களுக்கும் முதியோர், குழந்தைகளுக்கும் தொந்தரவு வரலாம் என்று அந்தப் படியின் விளக்கத்திலேயே இருக்கிறது. நுண்துகள் கணக்கில் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்திய 'மாடரேட்' என்பது பி.எம். 2.5 துகள் ஒரு கன மீட்டருக்கு 61–90 மைக்ரோகிராம். அதே காற்று அமெரிக்க அட்டவணையில் 'ஆரோக்கியமற்றது' என்ற படியில் உட்காரும். செல்பேசிச் செயலி எந்த நாட்டுக் குறியீட்டைக் காட்டுகிறது என்று பார்க்காமல் பெயர்க்கவே கூடாது. இந்திய அட்டவணைக்கு 'ஓரளவு மாசு' என்பது என் பரிந்துரை. முதலில் வைத்த ஆங்கிலப் பெயரே 'மாடரேட்லி பொல்யூட்டட்' தான். 'மாசு' என்ற சொல் பின்னால் உதிர்ந்துவிடுகிறது.

சுருக்கமான சோதனை: பின்னால் வரும் பெயர்ச்சொல் நோய், காயம், மாசு, வறட்சி போன்ற கெடுதலா? 'நடுத்தர', 'இடைநிலை', 'ஓரளவு'. மற்ற பெரும்பாலான இடங்களில் 'மிதமான' தாராளமாக நிற்கும்.

---

கடற்காற்று:

வானிலை பற்றி மட்டும் சேர்க்கிறேன். மழைக்கு 'மிதமான' ஊன்றிவிட்டது, மாற்ற வேண்டாம். 'லேசானது முதல் மிதமான மழை' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் கணக்கு தெரிந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை பெய்தால் மிதம், 64.5 தொட்டால் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை.

இது முழுநாள் கூட்டல். 60 மி.மீ. மழை நாள் முழுக்கத் தூறினாலும் மிதம்தான், ஒரே மணி நேரத்தில் கொட்டித் தெருவை முழங்கால் ஆழமாக்கினாலும் அட்டவணைப்படி மிதம்தான். 'மிதமான மழைக்கே ஊர் மிதக்கிறது' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வறட்சியில் 'மாடரேட்' என்றால் மழை வழக்கத்தைவிட 26 முதல் 50 சதவீதம் குறைவு. பாதி மழை இல்லாததை 'மிதமான வறட்சி' என்று விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள்! பிழைதிருத்தி சொன்ன சோதனை இங்கே சரியாகப் பொருந்தும்.

கடலில் இன்னும் கவனம். காற்றின் வேகத்தைப் படிபடியாகச் சொல்லும் போஃபர்ட் அளவில் 4-ம் எண் 'மாடரேட் பிரீஸ்', மணிக்கு 20–28 கி.மீ. காற்று. பழைய கப்பல் நூல்களில் 'மாடரேட் கேல்' என்று ஒன்று வரும். அது 7-ம் எண், மணிக்கு 50–61 கி.மீ. இரண்டையும் 'மிதமான காற்று' ஆக்கிவிடாதீர்கள். கடல் நிலையில் 'மாடரேட்' என்றால் அலை உயரம் 1.25 முதல் 2.5 மீட்டர். சரக்குக் கப்பலுக்கு அது ஒன்றுமில்லை. கட்டுமரத்துக்கு அப்படியில்லை. மீனவர் அறிவிப்பில் மீட்டர் கணக்கை விடாமல் போடுவதே முறை.

---

சுவடிக்காரன்:

நன்றி இருவருக்கும். அணு உலை 'மாடரேட்டர்'க்கு எங்கள் வரைவில் 'கட்டுப்படுத்தி' என்று இருக்கிறது. சரியா? பணவீக்கம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அப்புறம் இந்தச் சொல்லை உச்சரிப்பதிலேயே எங்கள் குழுவில் சண்டை.

---

நியூட்ரான்:

'கட்டுப்படுத்தி' தவறு. தவறு மட்டுமில்லை, தலைகீழ்.

உலையில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் உண்டு. அணுப் பிளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நியூட்ரானை விழுங்குவது கட்டுப்பாட்டுக் கழி. போரான், காட்மியம் போன்றவை அதில் இருக்கும். மாடரேட்டர் நியூட்ரானை விழுங்கக் கூடாது. அதன் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். பிளவில் பிறக்கும் நியூட்ரானின் ஆற்றல் சுமார் 2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். லேசான அணுக்களோடு மோதி மோதி அது சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்குகிறது. அந்த மெதுவான நியூட்ரான்தான் யுரேனியம்-235-ஐ எளிதாகப் பிளக்கும். அதாவது மாடரேட்டர் இருப்பதால்தான் தொடர்வினை ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் இவ்வகை உலை நின்றுபோகும். 'கட்டுப்படுத்தி' என்று படிக்கிறவர் அது உலையை அடக்குகிறது என்று நினைப்பார்.

பாடநூல் சொல் 'தணிப்பான்'. அதையே வையுங்கள். முதல் முறை வரும்போது 'நியூட்ரான் வேகத் தணிப்பான்' என்று முழுதாக எழுதினால் போதும்.

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் தணிப்பான் கனநீர். கூடங்குளத்தில் சாதாரண நீரே தணிப்பானும் குளிர்விப்பானும். கல்பாக்கத்தின் வேக ஈனுலை முன்மாதிரியில் தணிப்பானே கிடையாது. அது வேக நியூட்ரானிலேயே ஓடுவது, குளிர்விக்கத் திரவ சோடியம். 'வேக' என்ற அடைமொழி நியூட்ரானின் வேகத்தைக் குறிப்பது. மின்சாரம் வேகமாக வருவதால் வந்த பெயர் என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கரும்பலகை:

உச்சரிப்புச் சண்டைக்குத் தீர்ப்பு: இருவரும் சரி. பெயரடை, பெயர்ச்சொல் என்றால் கடைசி அசை தேய்ந்து 'மாடரட்' போல ஒலிக்கும். வினை என்றால் 'மாடரேட்', கடைசியில் 'ரேட்' முழுதாக. அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில். 'எஸ்டிமேட்', 'செபரேட்', 'கிராஜுவேட்' மூன்றும் இதே குடும்பம்தான். பெயராகவோ பெயரடையாகவோ வந்தால் தேயும், வினையாக வந்தால் நீளும். தமிழ்நாட்டுப் பேச்சில் எல்லாமே 'ரேட்' ஆகிவிட்டது. தமிழ் எழுத்தில் எழுதும்போது அதுவே போதும்.

இப்போது பணவீக்கம். இங்கே வினை. 'உச்சத்திலிருந்து இறங்கி நிதானத்துக்கு வந்தது' என்பது பொருள். 'புயல் காற்று மாலையில் மாடரேட் ஆகும்' என்றால் தணியும். 'உன் பேச்சை மாடரேட் செய்' என்றால் சற்று அடக்கிப் பேசு. இந்த வினைக்கு 'தணி' என்பதே நல்ல தமிழ். 'மிதமாகியது' ஓட்டை.

ஆனால் 'பணவீக்கம் தணிந்தது' என்பதை 'விலைவாசி குறைந்தது' என்று ஆக்காதீர்கள். நாளிதழ்களில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பிழை கண்ணில் படுகிறது. 100 ரூபாய்ப் பொருள் முதலாண்டில் 6 சதவீதம் ஏறினால் 106. அடுத்த ஆண்டு 4 சதவீதமாகத் 'தணிந்தால்' விலை 110 ரூபாய் 24 காசு. தணிந்தது ஏற்றத்தின் வேகம். விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 'விலை உயர்வின் வேகம் தணிந்தது' என்று எழுதினால் கடைக்குப் போகிறவர் சண்டைக்கு வரமாட்டார்.

இன்னொரு நுணுக்கம். 'மாடரேட் சக்சஸ்' என்று ஓர் ஆங்கிலேயர் எழுதினால் 'மிதமான வெற்றி' என்று மகிழ வேண்டாம். 'ஏதோ ஓடியது' என்பதுதான் தொனி. 'ஓரளவு வெற்றி' போடுங்கள். 'இன் மாடரேஷன்' என்று சாப்பாட்டைப் பற்றி வந்தால் 'அளவோடு'. 'மிதமாகச் சாப்பிடுங்கள்' தவறில்லை, ஆனால் 'அளவறிந்து உண்க' என்று குறளே (943) சொல் கொடுத்திருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

---

நடுப்பக்கம்:

ஆட்களைக் குறிக்கும் இடங்கள் விட்டுப்போயின.

விவாத 'மாடரேட்டர்' நெறியாளர். 'நடுவர்' வேண்டாம். பட்டிமன்ற நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். நெறியாளர் பேச்சு தடம் மாறாமலும் நேரம் மீறாமலும் பார்த்துக்கொள்வதோடு சரி.

தென்னிந்தியத் திருச்சபையில் 'மாடரேட்டர்' என்றால் சினாட் என்ற உயர்மட்ட ஆட்சி மன்றத்தின் தலைவர், தமிழில் பிரதமப் பேராயர். 'திருச்சபை நெறியாளர்' என்று எழுதினால் சபையார் யாரென்றே தெரியாமல் விழிப்பார்கள்.

வரலாற்றில் 'மாடரேட்ஸ்' மிதவாதிகள். இங்கே 'மிதம்' கச்சிதம். சிக்கல் எதிர்ச்சொல்லில். 1907 டிசம்பர் சூரத் காங்கிரசில் கோகலே, பெரோஸ்ஷா மேத்தா தரப்பு மிதவாதிகள். திலகரோடு நின்ற வ.உ.சி.யையும் பாரதியையும் பழைய நூல்கள் 'தீவிரவாதிகள்' என்று இயல்பாக எழுதும். இன்று அந்தச் சொல் குண்டு வைப்பவர்களுக்குப் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவிப்பில் அப்படியே எடுத்துப்போட்டால் விபரீதம். 'தீவிர தேசியவாதிகள்' என்று நீட்டி எழுதுவது நல்லது.

---

சுவடிக்காரன்:

அருமை. ஒரு சந்தேகம்: 'நடுத்தர' என்று போட்டால் நடுத்தர வர்க்கம், நடுத்தர வயது போல 'சராசரி' என்று தொனிக்காதா?

---

பிழைதிருத்தி:

தனியாக நின்றால் தொனிக்கும். அதனால்தான் 'தீவிரம்' என்ற சொல்லைக் கூடவே கட்டச் சொன்னேன். 'நடுத்தர நோயாளி' என்றால் அபத்தம். 'நோயின் தீவிரம்: நடுத்தரம்' என்றால் தெளிவு. படிவமாக இருந்தால் லேசு, நடுத்தரம், கடுமை மூன்றையும் ஒரே வரியில் அச்சிட்டுப் பொருத்தமானதை வட்டமிடச் செய்யுங்கள். மூன்று படியும் கண்ணில் பட்டால் நடுவிலுள்ளது எதற்கு நடு என்று தானே விளங்கும்.

உடற்பயிற்சிக்கு மட்டும் 'மிதமான' இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதையும் ஆள் ஆளுக்கு ஒருவிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைத்தெருவில் நின்று நின்று நடப்பது கணக்கில் வராது. 'பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு மூச்சு வாங்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

---

வெண்ணெய்க்கட்டி:

சமையல் குறிப்பும் பட்டியலில் வருமானால்: பழைய பிரிட்டிஷ் கேக் புத்தகங்களில் 'மாடரேட் ஓவன்' என்றால் 180 டிகிரி செல்சியஸ். விசிறி வைத்த ஓவனாக இருந்தால் 160. 'மிதமான தீயில்' என்று பெயர்த்துவிட்டால் நம் ஆட்கள் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றிவிடுவார்கள்.